இருபத்திரண்டரை அடி

டென்னிஸ் கோர்ட்டில் வலையிலிருந்து சர்வீஸ் கோடு இருபத்தொரு அடி. பந்தைத் தூக்கிப் போட்டு அடித்து ஆட்டத்தைத் தொடங்குகிறவன், எதிர்ப்பக்கம் அந்தக் கோட்டுக்குள் பந்தை விழவைக்க வேண்டும். தாண்டினால் தப்பு. உலகம் முழுக்க இதுதான் அளவு என்கிறார்கள். எங்கள் கள்ளக்குறிச்சியில் மட்டும் 1987-ஆம் வருஷம் நாலு மாதத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு இருபத்திரண்டரை அடி ஆனது. ஏன் ஆனது என்று தெரிந்தவர்கள் அப்போது மூன்றே பேர். கோடு போட்ட கொளஞ்சியப்பன், அவனுக்குச் சுண்ணாம்பு விற்ற நான், என் மனைவி பௌசியா.

என் பெயர் தஸ்தகீர். கயிறு, ஆணி, சுண்ணாம்பு விற்கும் கடை என்னுடையது. கடைக்கு நேர் எதிரே அந்த கிளப். அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். பந்துக் கொட்டாய் என்றால்தான் ரிக்‌ஷாக்காரனுக்குப் புரியும். கிழிந்த வலையை என் வீட்டில்தான் பின்னுவார்கள். பின்னி எடுத்துக்கொண்டு போனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கொடுத்துவிட்டு வரவேண்டும். இருபது வருஷத்தில் ஒருநாள்கூட உள்ளே வா, உட்கார் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஆகவே நான் நடுவில் நின்று இதைச் சொல்லப் போவதில்லை. இதைச் சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன்.

கொளஞ்சியப்பனை கிளப்பில் மார்க்கர் என்று கூப்பிடுவார்கள். கோர்ட்டைத் தயார் செய்வது, கோடு போடுவது, வலை கட்டுவது, பந்து பொறுக்குவது, ஆள் குறைந்தால் கூட நின்று ஆடித் தோற்பது, எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலையடிவாரத்தில் அவன் ஊர். அவனுடைய அப்பா வீரமுத்து கூலிக்காரர். வருஷத்துக்கு ஒரு தரம் மலையடிவாரத்திலிருந்து புற்றுமண் வெட்டி வண்டியில் கொண்டுவந்து கோர்ட்டுக்குக் கொட்டுவார். அந்த மண்ணைச் சலித்துப் பரப்பினால்தான் தரை கெட்டியாக நிற்கும். பதினெட்டு வயதில் அந்த வண்டியோடு வந்தவன்தான் கொளஞ்சி. வண்டி திரும்பிப் போயிற்று, இவன் நின்றுவிட்டான்.

விடிவதற்கு முன்பே வந்து கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து கோர்ட் முழுக்கத் தெளிப்பான். பிறகு சிமெண்ட் உருளை. அது இரண்டு பேர் இழுக்க வேண்டியது. கூட ஒருத்தன் இருந்தான். சிக்கனம் என்று அவனை நிறுத்திவிட்டார்கள். உருளையின் எடை மட்டும் குறையவில்லை. இழுத்து முடித்ததும் சாணித் தண்ணீர் தெளித்து மெழுகி, காயவிட்டு, மூலைகளில் புதைத்திருக்கும் ஆணிகளில் கயிறு கட்டி, கயிற்றோரம் சுண்ணாம்புக் கோடு இழுப்பான். சாயங்காலம் ஆட்டத்தில் எல்லாம் அழிந்துபோகும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. செருப்புத் தடம் விழும் என்று அவனுக்குக் கோர்ட்டில் செருப்பு கிடையாது. சித்திரை வெயிலில் அந்தத் தரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பான். மெம்பர்கள் இருக்கும்போது நிழலில் ஒதுங்கக் கூடாது, உட்காரவும் கூடாது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். அவனைத் தின்றது வேறு ஒன்று. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டியதும் அவன்தான். உள்ளே என்றால் இந்தப் பக்கத்து அய்யா முறைப்பார். வெளியே என்றால் அந்தப் பக்கத்து அய்யா மட்டையைத் தரையில் அடிப்பார். ஒரு சாயங்காலத்துக்கு இருநூறு தடவை யாராவது ஒருத்தருக்கு அவன் விரோதியாக வேண்டும். வயிற்றில் எரிச்சல் வந்தது, கை நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ரோஸ் கலரில் ஒரு தண்ணீர் கொடுத்து, கவலைப்படாமல் இருக்கச் சொன்னார்கள். கவலையைத்தானே வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள்!

அவன் மனைவி பெரியநாயகி ஒருநாள் கயிறு வாங்க வந்தபோது பௌசியாவிடம் சொன்னாள்:

"வூட்ல நான் சட்டிய பொத்துனு வெச்சா போதும்க்கா, துண்ணுக்கினு இருக்கறவரு எழுந்து ஓடறாரு. பந்து வுழுந்துடுச்சின்னு நெனச்சிக்கினு. ராத்திரில சாரி சார், சாரி சார்னு பெனாத்தறாரு. என்னையே ஒருநா சார்னு கூப்ட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பௌசியா சிரிக்கவில்லை.

கிளப் செயலாளர் ராஜாங்கம். அரிசி மில் முதலாளி. ஆள் ஆறடி. சர்வீஸ் அடித்தால் என் கடையில் இருக்கும் எனக்கே சத்தம் கேட்கும். ஆனால் பந்து எப்போதும் கோட்டைத் தாண்டி ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளித்தான் விழும். கையைச் சரிப்படுத்திக்கொள்ள வேண்டியது அவர். திட்டு வாங்குவது கொளஞ்சி.

"டேய், கோட்ட கிட்டக்க போட்டு வெச்சிருக்கடா! தள்ளிப் போடுடான்னா தள்ளிப் போட மாட்ட? கண்ணு இன்னா அவிஞ்சி பூட்ச்சா?"

தினமும் இது நடக்கும். அத்தனை மெம்பர்களும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த மெம்பர் ஒருவர், கோர்ட்டில் ஏன் வெடிப்பு என்று கொளஞ்சியைக் கேட்டார். தண்ணீர் போதவில்லை, மோட்டார் கெட்டுப்போய் ஆறு மாதம் ஆகிறது என்று இவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றைக்கு ராஜாங்கம் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து ஒரு பாடம் எடுத்தார்.

"யாரு இன்னா கேட்டாலும் 'செகரட்டரி அய்யா சொன்னபடிதாங்க'ன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்த ஒன் வாயிலேர்ந்து வரக்கூடாது. எங்க, சொல்லு."

"செகரட்டரி அய்யா சொன்னபடிதாங்க."

"இன்னொரு தபா."

மூன்று தடவை சொல்லவைத்தார். நான் கடையிலிருந்து எண்ணினேன்.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு சாயங்காலம். ராஜாங்கம் வெளியூர் விருந்தாளி ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தார். கொளஞ்சியின் ஊரிலிருந்து பங்காளி ஒருத்தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றான். நான்தான் என்னவென்று கேட்டேன். வீரமுத்து இறந்துவிட்டார். வெயில் காலம், வைத்திருக்க முடியாது, பொழுது சாய எடுத்துவிடுவார்கள். கொளஞ்சி ஒரே பிள்ளை. அவன் போய்த்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

கொளஞ்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு நேரே கோர்ட்டின் ஓரத்துக்குப் போய்க் கைகட்டி நின்றான். ஒரு பாயிண்ட் முடிகிறவரைக்கும் காத்திருந்தான். அப்பன் செத்ததைச் சொல்வதற்குக்கூடப் பாயிண்ட் முடியக் காத்திருந்தான்!

"அய்யா, எங்கப்பா பூட்டாருங்க. நான் போவணுங்க."

"இப்பவா? அஞ்சுக்கு நாலுல இருக்குது. நீ போயிட்டா யாரு கோடு பாக்கறது? செட்ட முடிச்சிட்டுப் போ. செத்தவரு எழுந்து எங்கியும் ஓடிடப் போறதில்ல."

ஆறு கேம் எடுத்தால் ஒரு செட்; ராஜாங்கம் இன்னும் ஒன்று எடுத்தால் முடிந்துவிடும். ராஜாங்கம்தான் சர்வீஸ். பந்து கோட்டைத் தாண்டியது. மறுபடியும் தாண்டியது. உள்ளே என்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் கொளஞ்சி நினைத்தான், சொல்லியும் பார்த்தான். விருந்தாளி கோபமாக வந்து, மண்ணில் பந்து விழுந்த தடத்தை மட்டையால் சுட்டிக் காட்டினார். கோட்டுக்கு ஒரு அடி வெளியே தடம் இருந்தது. அஞ்சுக்கு அஞ்சு. ஆறுக்கு ஆறு. இரண்டு கேம் முன்னிலை வராமல் செட் முடியாது என்பது அந்த கிளப்பின் வழக்கம். கேட்டில் நின்ற பங்காளி பார்த்துப் பார்த்துச் சலித்து, நான் போய்ச் சொல்லிடறேன் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பதினொன்றுக்கு ஒன்பதில் ராஜாங்கம் ஜெயித்தார். அப்போது கச்சிராயபாளையத்துக் கடைசி பஸ் போயிருந்தது.

கொளஞ்சி ஓடியும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது சிதை பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. பங்காளிதான் கொள்ளி வைத்திருந்தான். வாய்க்கரிசி போடவும் இவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தவனிடம் ராஜாங்கம் சொன்ன முதல் வார்த்தை, "மூணு நாளா கோர்ட்டு பொளந்து கெடக்குது, மொதல்ல உருளைய எட்றா" என்பது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அரை நாள் லீவு கொடுத்தார். அதை ஏதோ தானம் கொடுத்தது போல நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

காரியம் முடிந்து வந்த அடுத்த திங்கட்கிழமை காலையில் கொளஞ்சி என் கடைக்கு வந்தான்.

"பாய், நாலு இஞ்சி ஆணி நாலு குடு. அப்புறம் அந்த இரும்பு டேப்ப கொஞ்சம் குடு, தந்துடறேன்."

"கோர்ட்ல ஆணி இருக்குதேடா?"

"எடம் மாத்தணும். கோட்டத் தள்ளிப் போடப் போறேன்."

"எவ்ளோ?"

"வாரம் ஒரு இஞ்சி."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. கை மட்டும் நடுங்கவில்லை.

"அந்த ஒரு அடிதான் பாய். அவன் பந்து அந்த ஒரு அடி தள்ளித் தள்ளி வுழுந்துதான் எங்கப்பன் மொகத்த நான் பாக்கல. தெனம் தள்ளிப் போடு, தள்ளிப் போடுன்னு கத்தறான் இல்ல? போடறேன். இங்க அவன் பந்து எல்லாம் உள்ள வுழட்டும். ஊர்ல பெரிய ஆட்டக்காரன் நாந்தான்னு அவனுக்கு ஏறட்டும். அப்புறம் வெளியூர்ல போயி, நாலு ஊரு ஆளுங்க முன்னாடி நின்னு அடிக்கட்டும். நான் பாக்கணும் பாய். அது ஒண்ணுதான் எனக்கு வோணும்."

"யாராவது கேட்டா இன்னா சொல்லுவ?"

"செகரட்டரி அய்யா சொன்னபடிதாங்க" என்றான். அப்பா செத்த பிறகு அவன் பல்லைக் காட்டியது அன்றைக்குத்தான்.

நான் நல்ல புத்தி சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்த உருளையை ஒருநாள் தனியாக இழுத்துப் பார்த்துவிட்டு வரட்டும். ஆணியையும் டேப்பையும் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் பௌசியாவிடம் சொன்னேன். அவள் வலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள். பின்னிய வரிசையை முடித்து நூலை அறுத்தாள். பிறகு சொன்னாள்:

"கோடு மட்டும் போதுமா? வலை நடுவுல மூணு அடி இருக்கணும்னு ஒரு குச்சி வெச்சிதான அளக்கறாங்க? குச்சியில ரெண்டு இஞ்சி அறுத்துட சொல்லுங்க."

வலைக்கு அளவுக் குச்சி ஒன்று கிளப்பில் இருந்தது. தினமும் ஆட்டத்துக்கு முன்னால் அதை வலையின் நடுவில் நிறுத்தி உயரம் பார்ப்பார் ராஜாங்கம். வேறு யாரையும் தொட விடமாட்டார். அது அவருக்கு ஒரு பெருமை. கொளஞ்சி அந்தக் குச்சியை அடியில் அறுத்து, அறுத்த இடத்தில் மண்ணைத் தேய்த்துப் பழசாக்கி, இருந்த இடத்திலேயே வைத்தான். அன்று சாயங்காலம் ராஜாங்கம் குச்சியை நிறுத்திப் பார்த்து, வலை ஒசரமா இருக்குது, எறக்குடா என்று சொன்னார். இறக்கினான்.

கோடு தினமும் அழிந்து தினமும் புதிதாகப் போடுவதால் பழைய கோட்டின் அடையாளம் எங்கும் கிடையாது. திங்கட்கிழமை திங்கட்கிழமை ஆணி ஒரு இன்ச் நகர்ந்தது. மற்ற மெம்பர்கள் மெதுவாகத் தட்டிவிடுகிறவர்கள். அவர்கள் பந்து எப்போதும் கோட்டுக்கு நன்றாக உள்ளேதான் விழும். அவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ராஜாங்கத்துக்கு மட்டும் தெரிந்தது. ஆனி மாதத்தில் பத்துக்கு நாலு உள்ளே விழுந்தது. ஆடியில் ஆறு. ஆவணியில் எட்டு. வெள்ளைத் தொப்பி வாங்கினார். புது மெம்பர்களுக்குத் தோளை எப்படித் திருப்புவது என்று வகுப்பு எடுத்தார். கொளஞ்சியைக் கூப்பிட்டு, இப்பதான்டா ஒழுங்கா கோடு போட கத்துக்கினு இருக்க என்று பாராட்டினார்.

கொளஞ்சிக்கு வயிற்றெரிச்சல் குறைந்தது. திங்கட்கிழமைகளில் இரண்டு தட்டு சோறு சாப்பிடுகிறான் என்று பெரியநாயகி சொன்னாள். ரோஸ் கலர் தண்ணீர் செய்யாததை ஒரு இன்ச் செய்தது. உருளையும் வெயிலும் திட்டும் அப்படியேதான் இருந்தன. ஆனால் திட்டுகிறவனை வாரா வாரம் ஒரு இன்ச் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால், திட்டு அவ்வளவாக உறைப்பதில்லை.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடலூரில் ஒரு போட்டி. ராஜாங்கம் பெயர் கொடுத்தார். ஊர் முழுக்கச் சொன்னார். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வா என்று கொளஞ்சியையும் அழைத்தார். கொளஞ்சி இருந்த ஒரே நல்ல சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தான். இருபத்திரண்டரை அடிக்குப் பழகிய கை, இருபத்தொரு அடிக் கோர்ட்டில் எத்தனை தப்பு போடும் என்று நானும் அவனும் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டோம்.

வியாழக்கிழமை மறியல் தொடங்கிவிட்டது. இருபது சதவீத இடஒதுக்கீடு கேட்டு வடக்கு ஜில்லாக்கள் பூராவும் சாலையில் மரம் சாய்ந்தது. சேலம் ரோட்டுப் புளியமரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பால் இல்லை. அங்கே துப்பாக்கிச் சூடு, இங்கே தீ என்று ரேடியோவில் வருவதும் வாயில் வருவதுமாக ஊரே பயந்து கிடந்தது. நான் கடையில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தேன். கொளஞ்சியின் ஜனங்கள்தான் மறியலில் இருந்தார்கள். அவன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த பங்காளியும் அரிவாளோடு கச்சிராயபாளையம் ரோட்டில் நின்றான்.

கொளஞ்சி கடைக்கு வந்து சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"எங்க ஆளுங்களே எனக்குக் குறுக்க மரத்த போட்டுட்டாங்க பாய். அவங்க கேக்கறது நாயந்தான். ஆபீஸ்ல எடம் வோணுன்றாங்க. நான் கோர்ட்டுல நெழல்ல நிக்க எடம் இல்லாம இருக்கறேன். கேக்கட்டும். ஆனா திங்கக்கெழமைக்கு மேல வெட்டியிருக்கலாம் இல்ல? நாலு மாசம் பாய். நாலு மாசம் ஒரு ஒரு இஞ்சியா நகத்தினேன்."

அவன் கை மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தது. 

ஆனால் மறியல் ராஜாங்கத்தைக் கடலூருக்குப் போகவிடாமல் நிறுத்தியது போல, இன்னொருவரையும் கள்ளக்குறிச்சியை விட்டுப் போகவிடாமல் நிறுத்தியிருந்தது. கோமுகி அணையைப் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த பெரிய இன்ஜினீயர் ஒருவர், பயணியர் விடுதியில் மாட்டிக்கொண்டார். நரைத்த மீசை, கண்ணாடி, மெலிந்த உடம்பு. ஆனால் காலேஜ் காலத்திலிருந்து டென்னிஸ் ஆடுகிறவராம். சனிக்கிழமை சாயங்காலம் பொழுது போகாமல் கிளப்புக்கு வந்தார். கடலூர் போச்சே என்று துடித்துக்கொண்டிருந்த ராஜாங்கம் அவரைப் பிடித்துக்கொண்டார். வேலைவெட்டி இல்லாமல் ஊரே தெருவில் நின்ற நேரம். கம்பிவேலி ஓரத்தில் அறுபது எழுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். நானும் கதவைச் சாத்திவிட்டுப் போய் நின்றேன்.

ராஜாங்கம் முதல் சர்வீஸ் அடித்தார். இன்ஜினீயர் தொடவேயில்லை; வெளியே போகிறது என்று மட்டையைக் கீழே இறக்கிவிட்டார். குனிந்து பார்த்தால் பந்து கோட்டுக்கு உள்ளே. இரண்டாவதும் அப்படியே. வேலியில் கைதட்டினார்கள். மூன்றாவது பந்துக்குப் பிறகு இன்ஜினீயர் தடத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோட்டிலிருந்து வலைவரை குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட அடிமேல் அடிவைத்து நடந்தார்.

"டேப் இருக்கா?" என்று கேட்டார்.

"பாய் கடையில இருக்குதுங்க" என்று வேலியிலிருந்து எவனோ கத்தினான். ஓடிப்போய் வாங்கிட்டு வாடா என்று ராஜாங்கமே கொளஞ்சியை அனுப்பினார். அவருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

நானும் அவனோடு ஓடிப்போய்க் கடையைத் திறந்தேன். என்னிடம் டேப் இரண்டு இருந்தது. ஒன்று பழைய துணி டேப். இழுபட்டு இழுபட்டு நீண்டது, அதில் அளந்தால் அளவு குறைத்துத்தான் காட்டும். நான் துணி டேப்பில் கையை வைத்தேன்.

"அத வுடு பாய். இரும்ப எடு."

"டேய், ஒன்ன கொன்னுடுவான்டா."

"எடு பாய். கடலூர்ல நடக்க வேண்டியது நம்ம வூட்டு வாசல்லயே நடக்கட்டும்."

அவன்தான் டேப்பின் ஒரு முனையை வலைக்கடியில் பிடித்தான். இன்ஜினீயர் மறுமுனையை இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் வைத்துக் குனிந்து படித்தார். 

"இருபத்திரண்டடி ஆறு இன்ச். இந்தக் கோட்டை யார் போட்டது?"

"நாந்தாங்க."

"யார் இப்படிப் போடச் சொன்னது?"

கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டான். மூன்று தடவை சொல்லிப் பழக்கிய அதே குரலில், அதே பணிவோடு சொன்னான்:

"செகரட்டரி அய்யா சொன்னபடிதாங்க."

"டேய்!" என்றார் ராஜாங்கம். அதற்குள் நாற்காலியில் இருந்த ஒரு வக்கீல் மெம்பர் வாயைத் திறந்துவிட்டார். "அவன இன்னாத்துக்குய்யா மெரட்டற? தள்ளிப் போடு, தள்ளிப் போடுன்னு நீதான தெனம் கத்திக்கினு இருந்த? எங்க காதுல வுழலயா?"

வேலியில் முதல் சிரிப்பு கிளம்பியது. ராஜாங்கம் முகம் கறுத்தது. ஒருத்தன் குழியில் விழுந்தால் சும்மா கிடக்க வேண்டும். அவர் இன்னும் தோண்டினார்.

"கோடு எப்படியோ போவட்டும் சார்! வலைய பாருங்க! வலைய தெனம் நானே எங்கையால அளக்கறேன். வேற ஒருத்தன தொட வுட்டதில்ல. கேட்டுப் பாருங்க எல்லாரையும்!"

சொல்லிக்கொண்டே தானே ஓடிப்போய்க் குச்சியை எடுத்துவந்து இன்ஜினீயர் கையில் கொடுத்தார். கொளஞ்சி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே சிரித்திருப்போம். இன்ஜினீயர் குச்சியின்மேல் டேப்பை வைத்தார்.

"இரண்டடி பத்து இன்ச்" என்றார்.

மட்டையை உறைக்குள் போட்டு பட்டனை மாட்டினார். "உங்க கோர்ட்டு, உங்க குச்சி. நல்லாத்தான் ஆடுறீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு விடுதியைப் பார்த்து நடந்தார். அதன்பிறகு வேலி ஓரத்தில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, மூன்று நாளாகப் பயத்தில் வாயை மூடிக் கிடந்த ஊர் மொத்தமும் சேர்த்துவைத்துச் சிரித்த சிரிப்பு அது. மில் முதலாளி நடுக்கோர்ட்டில் வெள்ளைத் தொப்பியோடு நின்றார். தன் மார்க்கர் நாலு மாதமாகத் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் அவர் முட்டாள். சொல்லாவிட்டால் அவர் ஃபிராடு. இரண்டு கதவையும் கொளஞ்சி வெளியிலிருந்து சாத்திவிட்டிருந்தான். சாகிறவரைக்கும் ஊரில் அவருக்கு இருபத்திரண்டரை என்றுதான் பெயர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொளஞ்சி வழக்கம்போல வந்து தண்ணீர் தெளித்தான், உருளை இழுத்தான், மெழுகினான். ஆணிகளைப் பிடுங்கிப் பழைய இடத்தில் அடித்து, சரியாக இருபத்தொரு அடியில் கோடு போட்டான். நான் டேப்பை வாங்கிக்கொள்ள கேட்டில் நின்றிருந்தேன். ராஜாங்கம் தனியாக வந்தார். ஒரு ராத்திரியில் கன்னம் ஒட்டியிருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஏன்டா இப்புடிப் பண்ண? நான் ஒனக்கு இன்னாடா பண்ணேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். கொளஞ்சி கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு, கிளப் சாவியை எடுத்து நாற்காலியின்மேல் வைத்தான்.

"செட்ட முடிச்சிட்டுப் போன்னு சொன்னீங்கய்யா. முடிச்சிட்டேன். இப்ப போறேங்க."

திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினான். என்னிடம் டேப்பைக் கொடுத்தான். பெரியநாயகி தெருமுனையில் மூட்டையோடு நின்றாள். பஸ் ஓடாததால் இரண்டு பேரும் மேற்கே, விழுந்து கிடந்த மரங்களை ஏறித் தாண்டி ஏறித் தாண்டி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கூலி வேலைக்குத்தான் போனான். சுகமான பிழைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தை மாதம் சந்தைக்கு வந்த பெரியநாயகி ஒரு விஷயம் சொன்னாள். இப்போது அவள் சட்டியை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அவன் பாட்டுக்குச் சாப்பிடுகிறானாம்.

அப்பன் முகத்தைப் பார்க்காதது பார்க்காததுதான். அதை எந்த டேப்பாலும் சரிக்கட்ட முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அன்றைக்குக் காலையில், கொளஞ்சி கண்ணுக்கு மறைந்த பிறகு, ராஜாங்கம் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார். இருபது வருஷத்தில் அவர் என் கடைப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"எந்த செட்ட சொல்றான் பாய்? ஒனக்குத் தெரியுமா?"

சித்திரை மாதம், விருந்தாளி, அஞ்சுக்கு நாலு, பதினொன்றுக்கு ஒன்பது. எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் வருத்தப்பட்டிருப்பார். வருத்தப்பட்டு, அதோடு முடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"தெரியலீங்க" என்றேன்.

அதற்குப் பிறகும் நாலைந்து முறை கேட்டார். ஒருமுறை மில் வாசலில், ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில், கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. ஒவ்வொரு முறையும் தெரியலீங்க என்றுதான் சொன்னேன்.